மூலமொழியும் மக்கள் மொழியும்: ஜேர்மன் விவிலியப் பெயர்ப்புகள் பற்றி ஒரு நோக்கு

மொழிபெயர்ப்புப் பற்றி நம்மிடையே எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு வினாக்களோடு நின்றுவிடுகின்றன. மூலத்தின் பொருள் சிதையாது வந்துள்ளதா? பெயர்க்கப்பட்ட மொழியின் இயல்பு கெடாது வந்துள்ளதா? இவை வேண்டிய வினாக்களே. ஆயினும் இவற்றுக்கு முன்னர் எழுப்பப்பட வேண்டிய வினாக்கள் வேறு உள. எந்த மூலம்? எவருடைய மொழி? பெயர்த்து முடிந்தபின் அந்நூலுக்குப் பொருள்கொள்ளும் உரிமை எவருக்கு? இம்மூன்றையும் ஒதுக்கிவிட்டுச் செய்யப்படும் திறனாய்வு வெறும் சொற்கணக்காகவே முடியும். இதற்கு உலக இலக்கிய வரலாற்றில் கிடைக்கும் தெளிவான சான்றுகளுள் ஒன்று, எபிரேயத்திலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் விவிலியம் ஜேர்மன் மொழிக்கு வந்த வரலாறு.

சமயநூல் ஒன்றின் பெயர்ப்பைப் பற்றி முற்போக்கு ஏடொன்றில் ஆராய்வதேன் என்று சிலர் கேட்கக்கூடும். நாம் இங்கு ஆராய்வது நம்பிக்கையையன்று. ஒரு சமுதாயம் முழுவதும் எந்த நூலைச் சட்டமாகவும் அறமாகவும் ஏற்றிருந்ததோ, அந்த நூலின் திறவுகோல் எவர் இடுப்பில் தொங்கியது என்பதையே ஆராய்கிறோம். அத்தகைய நூலைப் பெயர்ப்பது அதிகாரத்தில் கைவைப்பதாகும்.

★

மார்ட்டின் லூதரே விவிலியத்தை முதன்முதல் ஜேர்மன் மொழியில் தந்தவர் என்று நம் பாடநூல்கள் சில கூறிவருகின்றன. இது பிழை. 1466ஆம் ஆண்டிலேயே ஸ்ட்ராஸ்புர்க் நகரில் யொஹான் மென்டலின் ஜேர்மன் விவிலியத்தை அச்சிட்டுவிட்டார். லூதரின் புதிய ஏற்பாடு வெளிவந்த 1522க்கு முன்னர் உயர் ஜேர்மனில் பதினான்கும் தாழ் ஜேர்மனில் நான்குமாகப் பதினெட்டு அச்சுப் பதிப்புகள் வந்திருந்தன. அப்படியாயின் லூதர் செய்த புதுமை யாது? முந்திய பெயர்ப்புகள் யாவும் திருச்சபை ஏற்றுக்கொண்ட இலத்தீன் பெயர்ப்பையே மூலமாகக் கொண்டவை, பெயர்ப்பின் பெயர்ப்புகள். இலத்தீன் வாக்கியத்தின் எலும்புக்கூட்டின்மீது ஜேர்மன் சொற்களைப் போர்த்தியவை. அவற்றைக் கேட்ட குடியானவனுக்குச் சொற்கள் தெரிந்தனவாயினும் பேச்சுத் தெரிந்ததாக இராது.

அவையும் பொறுக்கப்படவில்லை என்பதே நாம் ஊன்றி நோக்கவேண்டியது. 1480களின் நடுப்பகுதியில் மைன்ஸ் நகரப் பேராயர் பெர்டோல்ட், சமய நூல்கள் தணிக்கையின்றி ஜேர்மனில் பெயர்க்கப்படுவதைத் தடைசெய்து ஆணையிட்டார். அவர் காட்டிய காரணங்கள் கவனிக்கத்தக்கவை. ஜேர்மன் மொழி வறியது. உயர்ந்த பொருள்களைத் தாங்கும் வலிமை அதற்கில்லை. கல்லாதவரும் பெண்களும் இந்நூல்களைப் படித்து எப்படிச் சரியான பொருள் காண்பர்? மொழியின் வறுமை என்று பேசப்படுவது உண்மையில் அதைப் பேசுவோர்மீதுள்ள அவநம்பிக்கையே என்பது இவ்வாணையில் வெட்டவெளிச்சமாகிறது. அறிவியலைத் தமிழில் கற்பிக்கவியலாது என்று கூறியவர்களை அறிந்த நமக்கு இவ்வாதம் புதியதன்று.

இந்த அதிகாரத்தை அசைக்க மக்கள் மொழி மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. இலத்தீன் பெயர்ப்பே இறுதிச் சான்று என்றிருக்கும்வரை, அதற்குப் பொருள் கூறும் குருமாரே இறுதி நீதிபதிகள். அச்சான்றின் பின்னால் சென்று மூலத்தைத் தொடவேண்டியிருந்தது. மனிதநேயக் கல்வியாளர் அதற்கு வழிசெய்தனர். 1506இல் யொஹான்னஸ் ரொய்க்ளின் எபிரேய இலக்கணமும் அகராதியும் வெளியிட்டார். அந்நூல் இடைக்கால யூத இலக்கணக்காரரின் உழைப்பின்மேல் எழுந்தது. 1516இல் எராஸ்மஸ் பாசல் நகரில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். உழவன் ஏர்க்காலில் நின்றும் நெசவாளி தறியில் இருந்தும் இந்நூலின் வாசகங்களைப் பாடவேண்டும் என்னும் விருப்பத்தை எராஸ்மஸ் தம் முன்னுரையில் எழுதினார். ஆனால் அதையும் அவர் உழவனும் நெசவாளியும் அறியாத இலத்தீனிலேயே எழுதினார். கல்வியாளரின் நல்லெண்ணம் எங்கே முடிகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

★

1521 மே மாதம் முதல் வார்ட்புர்க் கோட்டையில் மறைந்து வாழ்ந்த லூதர், எராஸ்மஸின் 1519ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பைக் கொண்டு, அவ்வாண்டு இறுதியில் தொடங்கிப் பதினொரு வார அளவில் புதிய ஏற்பாட்டைப் பெயர்த்து முடித்தார். 1522 செப்டெம்பரில் ஓவியர் லூக்காஸ் கிரானாக்கின் மரச்செதுக்குப் படங்களோடு அது விற்றன்பேர்க்கில் வெளிவந்தது. அவ்வாண்டு டிசெம்பரிலேயே மறுபதிப்பு வேண்டியதாயிற்று. முழு விவிலியம் 1534இல் ஹான்ஸ் லுப்ட் என்பவரின் அச்சகத்தில் வெளிவந்தது. 1546இல் இறக்கும்வரை லூதர் அதைத் திருத்திக்கொண்டேயிருந்தார்.

இப்பெரும் பணியை ஒரு மேதையின் தனிச் சாதனையாகப் போற்றுவது வழக்கம். வரலாறு வேறு கூறுகிறது. கிரேக்கத்துக்கு மெலாங்க்தன், எபிரேயத்துக்கு அவுரொகல்லுஸ், இவர்களோடு குரூசிகர், பூகன்ஹாகன், யோனாஸ், அச்சுப்படி பார்த்த ரோரர் என ஒரு குழுவே உழைத்தது. யோபுவின் நூலைப் பெயர்த்தபோது நான்கு நாள்களில் மூன்று வரிகளையும் முடிக்க இயலாதிருந்ததென லூதரே எழுதுகிறார். பலியிடும் ஆட்டின் உறுப்புகளுக்குச் சரியான பெயர் வேண்டி இறைச்சிக்காரரிடம் சென்று ஆடுகளை அறுக்கச்செய்து ஒவ்வொன்றன் பெயரையும் கேட்டறிந்தார் என்று அவர்தம் மாணவர் மத்தேசியுஸ் கூறுகிறார். மணிகளின் பெயருக்கு அரண்மனை அலுவலரான ஸ்பலாட்டினிடம் எழுதிக் கேட்டார். ஆகவே அந்நூலின் மொழி, பல தொழில்களின், பல வாய்களின் கூட்டுச் செல்வம்.

இந்த முறைக்கு அவர் எழுதிய விளக்கமே 1530இல் கோபுர்க் கோட்டையிலிருந்து வெளியிட்ட மொழிபெயர்ப்புப் பற்றிய திறந்த மடல். ஐரோப்பிய மொழிபெயர்ப்புத் திறனாய்வின் தலையாய ஆவணங்களுள் ஒன்றென அதைச் சொல்லலாம். ஜேர்மன் எப்படிப் பேசப்பட வேண்டும் என்பதை இலத்தீன் எழுத்துகளிடம் கேட்கலாகாது, வீட்டிலிருக்கும் தாயிடமும் தெருவிலுள்ள பிள்ளைகளிடமும் சந்தையில் நிற்கும் சாதாரண மனிதனிடமும் கேட்க வேண்டும், அவர்கள் வாயைக் கவனிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கபிரியேல் மரியாளை வாழ்த்தும் இடத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார். அருளால் நிறைந்தவள் என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், கேட்கும் ஜேர்மானியனுக்குப் பியர் நிறைந்த பீப்பாயும் பணம் நிறைந்த பையுமே நினைவுக்கு வருமென்று எள்ளிநகையாடுகிறார். ஆகவே அன்புக்கினியவள் என்னும் கருத்துடைய சொல்லை அங்கே இட்டார். மற்றோரிடத்தில், இதயத்தின் மிகுதி என்னும் தொடரை விட்டுவிட்டு, நெஞ்சு நிறைந்தால் வாய் வழியும் என்னும் கருத்துள்ள மக்கள் பழமொழியைக் கைக்கொண்டார்.

இதனைப் போற்றும்போதே இதன் எல்லையையும் காணவேண்டும். சந்தை மனிதன் என்று லூதர் சுட்டியவன் எந்தச் சந்தையைச் சேர்ந்தவன்? 1523இல் பாசல் நகரில் ஆடம் பெட்ரி இந்நூலை மறுபதிப்புச் செய்தபோது, தென்பகுதி மக்களுக்கு விளங்காத சொற்களுக்குப் பொருளட்டவணை ஒன்றைச் சேர்க்க நேர்ந்தது. வடபகுதியினருக்கோ தாழ் ஜேர்மனில் தனிப்பதிப்பே தேவைப்பட்டது. லூதர் வாக்கிய அமைப்புக்கும் எழுத்துக்கும் சக்சனி அரசச் செயலகத்தின் மொழியைத் தழுவினார். இதை அவரே சொல்லியிருக்கிறார். எனவே அவர்தம் மொழி, செயலகம் தந்த சட்டகத்தில் சந்தை தந்த உயிரை ஊற்றியதாகும். காலப்போக்கில் அது பொதுமொழியாகி எழுந்தது. தாழ் ஜேர்மன் விவிலியங்களோ பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியோடு நின்றுபோயின. மக்கள் மொழி என்பது காட்டில் விளைந்த கனிபோல் ஆயத்தமாகக் கிடப்பதன்று. அது தெரிந்தெடுக்கப்படுவது, ஆக்கப்படுவது. ஆக்கும்போது சிலர் பேச்சு உள்ளே வருகிறது. சிலர் பேச்சு வெளியே நிற்கிறது.

அம்மடலில் லூதர் எதிர்கொள்ளும் பெரும் குற்றச்சாட்டு ஒரு சொல்லைப் பற்றியது. உரோமருக்கு எழுதிய திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில், மனிதன் விசுவாசத்தால் நீதிமானாகிறான் என்னும் இடத்தில், மூலத்தில் இல்லாத ‘அல்லைன்’ என்னும் சொல்லை, அதாவது ‘மட்டும்’ என்பதை, அவர் சேர்த்துவிட்டார். ஒன்றை உடன்பட்டு மற்றொன்றை மறுக்கும்போது அச்சொல்லைச் சேர்ப்பது ஜேர்மன் பேச்சின் இயல்பு என்பது அவர் விடை. விடை மொழியியலால் சரியே. ஆயினும் அவர்தம் கோட்பாடு முழுவதும் அவ்வொரு சொல்லில் தங்கியிருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. அவ்விடத்தின் கருத்தே அச்சொல்லை வேண்டுகிறதென்று அவரும் மறைக்காமல் வாதிடுகிறார். மொழிமரபைக் காட்டிக் கோட்பாட்டை உள்ளே கொணர்ந்தார் எனலாம். நடுநிலையான மொழிபெயர்ப்பு என்றொன்று இல்லை என்பதை மொழிபெயர்ப்பாளரே ஒப்பும் அரிய தருணம் இது.

★

இனி நம் கட்டுரையின் நடுவிடத்துக்கு வருகிறோம். ஒரு சொல் எவ்வாறு வாளாகும் என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் தருவோம்.

முதலாவது, ‘எக்ளேசியா’ என்னும் கிரேக்கச் சொல். திருச்சபை என்னும் நிறுவனத்தைக் குறிக்க ஜேர்மனில் ‘கிர்ஹ’ என்னும் சொல் இருந்தது. லூதர் புதிய ஏற்பாட்டில் அதை விலக்கி, ‘கெமைன’ என்னும் சொல்லை இட்டார். ஊர்ப்பொது, கூடிவாழும் மக்கள் தொகுதி என்பது அதன் பொருள். மேய்ச்சல் நிலத்தைப் பொதுவாக வைத்திருந்த கிராமத்தான் தன்னைக் குறித்து வழங்கிய சொல் அது. கிறிஸ்து கட்டியது ஊர்ப்பொதுவையே என்று படித்த கிராமத்தானுக்கு என்ன விளங்கியிருக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. வரலாறு பதிவு செய்திருக்கிறது. 1525 மார்ச் மாதம் மெம்மிங்கன் நகரில் குடியானவர்தம் பன்னிரண்டு கோரிக்கைகள் எழுந்தன. அவற்றை எழுதியவர்களாகக் கருதப்படுவோர் விலங்குத்தோல் ஆடை செய்யும் தொழிலாளியான செபஸ்டியான் லொட்சரும் போதகர் ஷாப்பலரும் ஆவர். முதற் கோரிக்கை, தன் போதகரைத் தேர்ந்தெடுக்கவும் நீக்கவும் ஊர்ப்பொதுவுக்கு உரிமை வேண்டும் என்பது. மூன்றாவது, கிறிஸ்து தம் குருதியால் இடையனையும் உயர்ந்தவனையும் வேறுபாடின்றி மீட்டாராதலால் பண்ணையடிமைத்தனம் ஒழியவேண்டும் என்பது. ஓரங்களில் விவிலிய இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன. இவற்றுள் எதுவும் விவிலியத்துக்கு மாறானதெனக் காட்டப்பட்டால் அதைக் கைவிடுவதாக இறுதிக் கோரிக்கை உறுதி கூறியது. சில மாதங்களுக்குள் இருபதுக்கு மேற்பட்ட பதிப்புகளாக இது நாடெங்கும் பரவியது. பெயர்ப்பாளர் எவரிடம் மொழி கேட்டாரோ, அவர்கள் இப்பொழுது நூலை வாங்கிப் படித்து விடையெழுதினர்.

இரண்டாவது சொல், உரோமருக்கு எழுதிய திருமுகத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் வரும் ‘எக்ஸூசியா’. அதிகாரம், ஆற்றல் என்று விரிந்த பொருளுடைய அச்சொல்லுக்கு லூதர் இட்டது ‘ஓபர்கைட்’. குடிமகன் தலைக்குமேல் நிற்கும் ஆளும் தரப்பு என்று மண்ணில் காலூன்றிய பொருளுடையது. 1525 ஏப்ரலில் எழுதிய நூலில் லூதர் பிரபுக்களின் கொடுமையையும் கண்டித்தாரெனினும், ஆபிரகாமும் அடிமைகளை வைத்திருந்தான் என்று காட்டி மூன்றாம் கோரிக்கையை மறுத்தார். கிளர்ச்சி முற்றியபோது மே மாதத்தில் அவர் வெளியிட்ட சிறுநூல், இந்தப் பதின்மூன்றாம் அதிகாரத்தையே கையிலேந்தி, கிளர்ச்சிக்காரரை வெறிநாயைக் கொல்வதுபோற் கொல்லுமாறு பிரபுக்களை ஏவியது. 1525 மே 15இல் பிராங்கன்ஹவுசனில் குடியானவர் படை அழிக்கப்பட்டது. மே 27இல் தோமஸ் மியூன்சர் தலை கொய்யப்பட்டார். லூதருக்கு முன்பே, 1523இல், வழிபாடு முழுவதையும் ஜேர்மனில் நடத்தியவர் இந்த மியூன்சர். போர் முழுவதிலும் மாண்டோர் எழுபதினாயிரத்திலிருந்து ஓரிலட்சம் வரையினரென வரலாற்றாசிரியர் கணிப்பர்.

1850இல் இப்போரைப் பற்றி எழுதிய எங்கெல்ஸ், விவிலியத்தைப் பெயர்த்ததால் லூதர் கீழ்த்தட்டு மக்களின் இயக்கத்துக்கு வலிய கருவி ஒன்றைத் தந்தார் என்றும், பின்னர் அதே கருவியை அம்மக்களுக்கெதிராகத் திருப்பினார் என்றும் சுட்டினார். இக்கூற்றை நாம் ஏற்கிறோம். ஆனால் திறனாய்வாளன் இதோடு நிற்றல் கூடாது. கருவி எவ்வாறு இருபக்கமும் வெட்டியது? அதன் கூர் எந்தச் சொல்லில் இருந்தது? ஊர்ப்பொதுவைக் குறித்த சொல்லும் ஆளும் தரப்பைக் குறித்த சொல்லும் ஒரே கையால், ஒரே ஆண்டில், ஒரே நூலில் எழுதப்பட்டவை. இரண்டுமே மக்கள் நாவில் வழங்கிய சொற்கள்தாம். எனவே மக்கள் சொல்லைக் கையாண்டதால் மட்டும் ஒரு நூல் மக்கள் சார்பு நூலாகிவிடாது.

மூன்றாவது சொல் போருக்குப் பின் வந்தது. 1530களில் வெளிவந்த சீராக்கின் ஞானநூற் பெயர்ப்பில், பதினோராம் அதிகாரத்தில், வேலை என்றும் உழைப்பு என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களுக்கு லூதர் ‘பெரூப்’ என்னும் சொல்லை இட்டார். இறைவனின் அழைப்பு என்னும் பொருளிலேயே அதுவரை பெரிதும் வழங்கியது அச்சொல். சமூகவியலறிஞர் மாக்ஸ் வெபர் 1904, 1905ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வில், தொழிலை இறையழைப்பாகக் கருதும் கருத்து மூலநூலிலிருந்து வந்ததன்று, பெயர்ப்பாளரின் உள்ளத்திலிருந்து வந்தது என்று காட்டினார். உழைப்புக்குப் பெருமை சேர்த்த சொல் அது என்பதில் ஐயமில்லை. ஆனால் உன் தொழிலில் நிலைத்திரு என்னும் அறிவுரை, தோற்கடிக்கப்பட்ட குடியானவன் காதில் எவ்வாறு ஒலித்திருக்கும்? 1522இன் ‘கெமைன’ மக்களைக் கூட்டியது; பின்வந்த ‘பெரூப்’ ஒவ்வொருவனையும் அவனவன் இடத்தில் இருத்தியது. ஒரு பெயர்ப்பாளரின் வர்க்க வரலாற்றை அவர்தம் அகராதியிலேயே படிக்கலாம் என்பதற்கு இவை சான்று.

இவ்விடத்தில் மறக்கப்பட்ட இருவரை நினைவுகூர்தல் கடமை. தீர்க்கதரிசிகளின் நூல்களை எபிரேயத்திலிருந்து முழுமையாக ஜேர்மனில் முதலில் அச்சேற்றியவர்கள் லூதர் குழுவினரல்லர். 1527இல் வோர்ம்ஸ் நகரில் அதை வெளியிட்டவர்கள் லூட்விக் ஹெட்சரும் ஹான்ஸ் டெங்கும். ஆட்சியின் திருச்சபை எதையும் ஏற்காத தீவிரப் பிரிவோடு தொடர்புடையவர்கள் அவர்கள். டெங்க் அவ்வாண்டே கொள்ளைநோயில் மாண்டார். ஹெட்சர் 1529இல் கொன்ஸ்டான்ஸ் நகரில் தலைவெட்டுண்டார். லூதரின் பெயர்ப்பு 1532இல் வந்தது. தம் மடலில் அவ்விருவரின் உழைப்பை மெச்சிய லூதர், அதில் யூதரின் கை இருந்தது என்று குறைகூறவும் தவறவில்லை. எபிரேயத்தை யூதரின் இலக்கண உழைப்பு வழியாகவே ஐரோப்பா கற்றது என்பதை எண்ணும்போது இக்குறை எத்துணை நன்றிகெட்டது என்பது விளங்கும். 1543இல் யூதருக்கெதிராக அவர் எழுதிய நஞ்சு நிறைந்த நூலின் விதை இங்கேயே காணக்கிடக்கிறது.

★

மூலமொழியையும் மக்கள் மொழியையும் எதிரெதிராக நிறுத்தி, பின்னதே முற்போக்கு என்று எளிதில் முடிவுகட்டுவோர் நம்மிடையே உளர். இருபதாம் நூற்றாண்டின் ஜேர்மனி இவ்வெளிய முடிவைச் சிதறடிக்கிறது.

1925இல் மார்ட்டின் பூபரும் பிரான்ஸ் ரோசன்ஸ்வைக்கும் எபிரேய விவிலியத்தைப் புதிதாகப் பெயர்க்கத் தொடங்கினர். ரோசன்ஸ்வைக் அப்போது உடல் முழுதும் செயலற்று, பேச்சுமிழந்த நோயாளி. அவர்தம் முறை லூதர் முறைக்கு நேர்மாறானது. எபிரேய வேர்ச்சொல் ஒன்று திரும்பத் திரும்ப வருமாயின் ஜேர்மனிலும் ஒரே வேர் வரவேண்டும். வாக்கியம் மூச்சளவில் பிரிய வேண்டும். மூலத்தின் அந்நியத்தன்மை வாசகனுக்குத் தெரியவேண்டும். சட்டம் என்று லூதர் பெயர்த்த ‘தோரா’வுக்கு வழிகாட்டல் எனப் பொருள்படும் சொல்லை இட்டனர். பலியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லில் நெருங்குதல் என்னும் வேர் இருப்பதால், நெருங்கிவருதல் எனப் பொருள்படும் சொல் ஒன்றைத் தாமே ஆக்கினர். 1926இல் சீக்பிரீட் கிராக்காவர் பிராங்பேர்ட் நகரின் பெரும் நாளேட்டில் இதைக் கடுமையாகத் தாக்கினார். லூதரின் பெயர்ப்பு அக்காலத்தின் அதிகாரத்தோடு மோதியது. இதுவோ பழங்கால ஒலிகளில் மயங்கி, தன் காலத்தின் சமுதாய மெய்ம்மையிலிருந்து ஒதுங்கி நிற்கிறது என்பது அவர் வாதத்தின் கரு.

இடதுசாரித் திறனாய்வின் சிறந்த பக்கங்களுள் ஒன்று அது. ஆயினும் அடுத்த பதினைந்து ஆண்டுகள் அவ்வாதத்தைத் திருத்தி எழுதின. நாசிகள் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டின் நவம்பரில், பேர்லின் விளையாட்டு மாளிகைக் கூட்டத்தில், அவர்களைச் சார்ந்த கிறிஸ்தவப் பிரிவினர் பழைய ஏற்பாட்டையே தூக்கியெறிய வேண்டுமென முழங்கினர். 1939 மே மாதம், ஜேர்மன் திருச்சபை வாழ்விலிருந்து யூதச் செல்வாக்கை ஒழிப்பதற்கென ஒரு நிறுவனம் திறந்துவைக்கப்பட்டது. திறப்புவிழா நடந்த இடம் வார்ட்புர்க். லூதர் கிரேக்கத்தைப் பெயர்த்த அதே கோட்டை! அந்நிறுவனம் 1940இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் யூதத் தொடர்புகள் களையப்பட்டிருந்தன. அதுவும் எளிய ஜேர்மனில், மக்களுக்காக, மக்கள் உணர்வுக்கேற்ப என்ற பெயரிலேயே வந்தது. மக்கள் என்னும் சொல்லிலிருந்து வர்க்கத்தை நீக்கி இனத்தை ஏற்றினால் விளைவது இதுவே. இந்நிலையில், மூலம் எபிரேயமே, அது அந்நியமாகத்தான் ஒலிக்கும், அதை நம் வசதிக்காக வெட்டமாட்டோம் என்று நின்ற பூபரின் பெயர்ப்பு ஓர் எதிர்ப்பாகவே ஆயிற்று.

1938இல் நாட்டைவிட்டு வெளியேறிய பூபர் 1961இல் அப்பணியை முடித்தார். யெரூசலேமில் நிகழ்ந்த பாராட்டின்போது அறிஞர் கெர்ஷொம் ஷொலம் ஒரு வினாவை எழுப்பினார். எந்த யூதருக்காக இது தொடங்கப்பட்டதோ அவர்கள் இன்று இல்லை, இது எவருக்கு? அழிந்துபோன உறவொன்றின் கல்லறைக் கல்லாகவே இதை அவர் கண்டார். பெயர்ப்பின் தரத்தைப் பற்றியன்று, அதன் வாசகரைப் பற்றிக் கேட்கப்பட்ட வினா அது. வாசகர் கொல்லப்பட்டபின் நிறைவெய்திய பெயர்ப்பின்முன் நம் இலக்கணக் கணக்குகள் வாயடைத்து நிற்கின்றன.

ஆகவே நாம் வந்தடையும் முடிவு இது. மக்களை மறந்த மூலப்பற்று பண்டித ஆதிக்கத்துக்குத் துணைபோகும். மூலத்தை உதறிய மக்கள் மொழி, மக்களின் பெயரால் பேசும் கொடுங்கோலனுக்குத் துணைபோகும். இரண்டும் ஒன்றையொன்று காவல் காக்கவேண்டும்.

★

சந்தையில் எடுத்த சொல்லும் காலத்தால் கல்லாகும் என்பதையும் ஜேர்மனியே காட்டுகிறது. விளக்கைத் தானிய அளவையால் மூடிவைப்பதில்லை என்னும் உவமையில் லூதர் வழங்கிய ‘ஷெபல்’ என்னும் சொல் அன்று ஒவ்வொரு வீட்டிலும் இருந்த அளவுகலம். நம் மரக்கால் போன்றது. அது வழக்கொழிந்தபின், 1975ஆம் ஆண்டுத் திருத்தக் குழுவினர் அதற்குப் பதிலாக வாளி என்னும் சொல்லை இட்டனர். வாளி ஏற்பாடு என்று நாடே நகைத்தது. 1984இல் பழைய சொல் மீண்டது. லூதரின் முறையைப் பின்பற்றியோர் லூதரின் பெயராலேயே தோற்கடிக்கப்பட்டனர்! ஆனால் கேள்வி முற்றுப்பெற்றுவிடவில்லை. 2006இல் பெரும்பாலும் பெண்களே பங்குகொண்ட பெயர்ப்பாளர் குழுவொன்று, பெண்களுக்கும் யூதருக்கும் நீதி செய்யும் மொழியில் மூலங்களிலிருந்து ஒரு விவிலியத்தை வெளியிட்டது. கடும் விவாதம் எழுந்தது. உரோமருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதியில் அப்போஸ்தலரிடையே பெயர்பெற்றவராகக் குறிக்கப்படும் யூனியா என்னும் பெண்ணை லூதரின் பெயர்ப்பு ஆணாக்கிவிட்டிருந்தது; 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அப்பெண் தன் பெயரைத் திரும்பப் பெற்றாள். மேன்மேலும் மூலத்துக்குச் செல்வது பின்னோக்கிய பயணம் என்போருக்கு இது நல்ல விடை.

இவ்வரலாற்றின் ஒரு கிளை நம் மொழியிலும் படர்ந்துள்ளது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், லூதர் மரபில் வந்த ஜேர்மானியர். கிரேக்கத்திலிருந்து அவர் தமிழிற் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. பின்வந்த பப்ரிஷியசும் ஜேர்மானியரே. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரின் பெயர்ப்புக்கு ஆறுமுக நாவலர் துணைநின்றார். 1850இல் வெளிவந்த அது இலக்கணத் தூய்மையுடையதாயினும் சபைகளில் நிலைபெறவில்லை. அந்தப் பயிற்சியோடு வெளியேறிய நாவலரே, பிறகு பள்ளிப்பிள்ளைகளும் படிக்கத்தக்க உரைநடையைச் சைவத்துக்கு ஆக்கித்தந்தார். உரைநடையைப் பலருக்கும் உரியதாக்கிய அவர், சாதியாசாரத்தை விட்டுக்கொடாதவராகவே இருந்தார் என்பதும் வரலாறு. விற்றன்பேர்க்கில் கண்ட முரண்பாடு நல்லூரிலும் உண்டு.

ஆசிரியராயும் மாணவராயும் இவ்வேட்டைப் படிக்கும் நம் நண்பர்களுக்கு இதிலிருந்து ஒரு வேலை பிறக்கிறது. மொழிபெயர்ப்பொன்று வகுப்பறைக்கு வரும்போது, நடை எளிதா கடிதா என்று மட்டும் பார்த்து விட்டுவிடலாகாது. இது மூலத்திலிருந்து வந்ததா, வேறொரு பெயர்ப்பின் வழியாக வந்ததா என்று கேட்போம். இதன் திருப்புமுனைச் சொற்கள் எவர் பேச்சிலிருந்து எடுக்கப்பட்டவை, எவரை விலக்கியவை என்று கேட்போம். இதைப் படித்தவர் எழுந்து விடைகூறினால் பெயர்த்தவர் செவிசாய்ப்பாரா என்று கேட்போம். லூதர் முதலிரண்டு தேர்விலும் பெருவெற்றி பெற்றவர். மூன்றாவதில், மெம்மிங்கன் குடியானவர் பன்னிரண்டு கோரிக்கைகளோடு வந்து நின்ற அன்று, அவர் தோற்றார். ஆனால் அவர்தம் நூல் அவரோடு சேர்ந்து தோற்றுவிடவில்லை. மக்களிடம் பெற்ற சொல் மக்களிடமே சென்றுவிட்டது. திரும்பப் பெற அவரால் இயலவில்லை.